உடல் தகுதிச் சான்றும் ஒரு சாட்சியமே



ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் தொடங்கியதும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள நம் பள்ளிவாசல்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். இஹ்ராமின் சட்டங்களைக் கேட்க வருவோரைக் காட்டிலும், "எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாமே, இரத்தப் பரிசோதனை கேட்கிறார்களாமே, அரசு மருத்துவர்தான் கையெழுத்திட வேண்டுமாமே" என்று கேட்க வருவோரே அதிகம். மத்ரஸாவில் பாடம் நடத்தும் நமக்கு மருத்துவம் தெரியாது. ஆயினும் இக்கேள்விகளுக்குள் மார்க்கத்தின் கேள்வி ஒன்று இருப்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அல்லாஹ்வின் இல்லத்திற்குச் செல்பவனைப் பரிசோதனை என்ற பெயரில் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதே அது. சிலர் வெளிப்படையாகக் கேட்பார்கள். சிலர் மனத்துக்குள் வைத்திருப்பார்கள்.

இதற்கு விடை காண நம் முன்னோர் கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்ற காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. அவ்வாண்டு ஹஜ்ஜுக்கு வந்த சுமார் 90,000 பேரில் 15,000 பேர் வரை இறந்ததாக அன்றைய மதிப்பீடுகள் கூறின. திரும்பிச் சென்ற ஹாஜிகளுடன் நோய் சூயஸ் வழியாக எகிப்துக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் சென்றது. மறு ஆண்டே, 1866இல், இஸ்தான்புல்லில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாகச் செங்கடலின் வாயிலைக் கடந்ததும் ஏமன் கரையோரம் உள்ள கமரான் என்னும் சிறு தீவில் உஸ்மானிய அரசு ஒரு தனிமைப்படுத்தும் நிலையத்தை 1880களின் தொடக்கத்தில் அமைத்தது. இந்தியாவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஜித்தா நோக்கிச் சென்ற ஹஜ் கப்பல்கள் அங்கே நின்றாக வேண்டும். பயணிகள் இறக்கப்படுவர், குளிக்க வைக்கப்படுவர், உடைகளும் மூட்டைகளும் நீராவியில் கிருமி நீக்கப்படும். நோய் கண்ட கப்பலாயின் பல நாட்கள் அந்த வெயிலில் காத்திருக்க வேண்டும். அதற்கான கட்டணத்தையும் பயணிகளே செலுத்த வேண்டும். முதல் உலகப் போரின்போது தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்பும் அந்நிலையம் பல்லாண்டுகள் நடந்தது.

1897இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அத்துறைமுகத்திலிருந்து ஹஜ் பயணத்தையே அரசு நிறுத்தியது. பின்வந்த காலத்தில் தடுப்பூசிச் சான்று இல்லாமல் ஹஜ் கப்பலில் ஏற முடியாது என்ற நிலை வந்தது. ஆட்சியாளர்களின் நோக்கம் ஹாஜிகளின் நலனா, தம் வணிகத்தின் நலனா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கமரானில் நம் மக்கள் பட்ட துன்பமும் அவமதிப்பும் பொய்யல்ல. எனினும் அன்று கப்பலில் பரவிய நோய் முதலில் கொன்றது அதே கப்பலில் இருந்த ஏழை ஹாஜியைத்தான். இந்த இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கப்பல் என்பது கதவடைத்த ஓர் ஊரைப் போன்றது. ஒரே காற்று, ஒரே தண்ணீர், ஒரே சமையல். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் என்ற சுற்றுலாக் கப்பலை நம்மில் பலரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதில் பயணிகளும் பணியாளர்களுமாக 3,711 பேர் இருந்தனர். 700க்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. அதன்பின் உலகெங்கும் சுற்றுலாக் கப்பலில் ஏறுவதற்கு முன் பரிசோதனைச் சான்று கேட்கப்பட்டது. வேறொரு நாட்டுத் துறைமுகத்திலிருந்து கப்பலேற வேண்டியவர்கள், முன்பின் அறியாத ஊரில் ஆய்வகத்தைத் தேடி அலைந்தனர். நம் நாட்டிலிருந்து ஹஜ் கப்பல்கள் 1995உடன் நின்றுவிட்டன. ஆனால் மினாவின் கூடாரங்களும் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையமும் தவாஃபின் நெரிசலும் அந்தக் கப்பலைப் போன்றவையே.

இதற்குச் சான்று நம் வாழ்நாளிலேயே உண்டு. 1987 ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் என்னும் மெனிஞ்சைட்டிஸ் பரவியது. அதன்பின் அதற்கான தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அதே நோயின் வேறொரு வகை, அந்த ஊசிக்குள் அடங்காத வகை, பரவியது. ஊருக்குத் திரும்பிய ஹாஜிகளிடமிருந்து அவர்களுடைய வீட்டாருக்கும் தொற்றியது. ஹஜ்ஜுக்கே செல்லாத குழந்தைகளும் பாதிக்கப்பட்டனர். 2002 முதல் நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று. சவூதிக்குள் நுழைவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் அதைப் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு நாட்கள் தேவை. கடைசி வாரத்தில் ஊசி போட்டுவிட்டு, சான்றில் தேதியை மட்டும் முன்தள்ளித் தரும்படி கேட்பவர் தம் உடலையும் ஏமாற்றுகிறார், பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவரையும் ஏமாற்றுகிறார்.

கொரோனா காலத்தில் இந்தச் சோதனை நம் ஊர் வரை வந்தது. 2022 ஹஜ்ஜுக்கு 65 வயதுக்கு உட்பட்டோர் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்திற்குள் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்றில்லை என்ற முடிவும் வேண்டும். அவ்வாண்டு சென்னை புறப்பாட்டு மையமாக இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானம் ஏறினர். விழுப்புரத்திலிருந்து கொச்சிக்கு ஓர் இரவு முழுதும் இரயில் பயணம். சளி மாதிரி கொடுத்த நேரம், முடிவு வந்த நேரம், இரயில் நேரம், விமான நேரம் என்று நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கணக்கிட்ட குடும்பங்களை நாம் அறிவோம். எழுபது வயது கடந்த பெரியவர்கள் பலர் அவ்வாண்டு வீட்டிலேயே அழுதார்கள்.

உம்ரா சென்றவர்களுக்கு வேறொரு சிரமம் இருந்தது. 2021 டிசம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து நேரடியாகச் சவூதி செல்ல மீண்டும் வழி திறந்தது. அந்நாட்களில் ஊர் திரும்புவதற்கும் 72 மணி நேரத்திற்குள் எடுத்த பரிசோதனை முடிவை இந்திய அரசின் ஏர் சுவிதா தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே அந்தப் பரிசோதனையை மக்காவிலோ மதீனாவிலோ ஜித்தாவிலோதான் எடுத்தாக வேண்டும்.

விழுப்புரம் பகுதியைச் சேர்ந்த வயது முதிர்ந்த ஒரு தம்பதியர் 2022 ஜனவரியில் அவ்வாறு மக்காவில் பரிசோதனைக்குச் சென்றனர். ஆய்வகத்தில் முதலில் கேட்டது இகாமா எண். அது அங்கே வேலை செய்வோருக்கு உரியது. பயணிக்குப் பாஸ்போர்ட் எண்ணும், நாட்டுக்குள் நுழையும்போது பதியப்படும் எல்லை எண்ணுமே அடையாளம். இதைப் புரியவைக்கவே அவர்களுக்குப் பெரும்பாடாயிற்று. அடுத்து, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டனர். நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் பலருக்கு அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும். பெரியவர் தம் தந்தையின் பெயரைச் சொல்ல, சான்றில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயருமாக வந்தது. அதைத் திருத்த மறுபடியும் ஒரு நடை. இவையெல்லாம் முடிந்தபின் வந்த முடிவில் மனைவிக்குத் தொற்றில்லை. கணவருக்குத் தொற்று இருந்தது.

அவர்களுடன் வந்த குழுவினர் குறித்த நாளில் புறப்பட்டுவிட்டனர். அந்த அம்மையாரையும் உடன் வருமாறு அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். "நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருந்தோம், ஹஜ்ரத். அவரை அந்நிய ஊரில் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்து நான் யார் முகத்தில் விழிப்பேன்?" என்று பின்னர் நம்மிடம் சொன்னார். கணவர் ஓர் அறையில், மனைவி அடுத்த அறையில். கதவுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டுத் தட்டுவார், அவர் எடுத்துக்கொள்வார். அங்கே வேலை பார்க்கும் தமிழ்ச் சகோதரர்கள், இவர்களை முன்பின் அறியாதவர்கள், மருந்தும் பழமும் வாங்கித் தந்தார்கள். பன்னிரண்டு நாட்களுக்குப் பின் மறு பரிசோதனை எடுத்து இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்த அறைக்குள் பெரியவருக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டதாம். சிறிது பணம் கொடுத்தால் தொற்றில்லை என்று ஒரு தாள் ஏற்பாடாகும், நாளையே விமானம் ஏறலாம் என்றார் ஒருவர். பெரியவர் அவரிடம், "ஹரமின் எல்லைக்குள் உட்கார்ந்துகொண்டா இதைச் சொல்கிறாய், தம்பி?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர் அவர். அவருடைய இந்தக் கேள்வியை நாம் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லி வருகிறோம்.

உம்ரா விசாவுடன் காப்பீடு சேர்ந்தே வருகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. அதன் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயணச் செலவுக்கு மேல் பத்து நாள் தங்குவதற்கான தொகையைத் தனியே வைத்திருங்கள். பரிசோதனைச் சான்றில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று ஆய்வகத்தை விட்டு வெளியேறும் முன் பாருங்கள். மணிக்கணக்கு விதி எங்கே இருந்தாலும், கணக்கு மாதிரி கொடுத்த நேரத்திலிருந்தா, முடிவு வந்த நேரத்திலிருந்தா என்பதைக் கேட்டறியுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து உண்போர் மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிச் செல்லுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள்.

இஹ்ராமில் இருக்கும்போது இரத்தம் எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்டதை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதாக புகாரியில் உள்ளது. முடியைக் களையாமல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதில் தடையில்லை. கைகளைச் சுத்தம் செய்யும் திரவத்தில் மட்டும் நறுமணம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மணமற்றதை வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நம் மனத்தை மிகவும் அலைக்கழித்த ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊரில் ஒரு சகோதரர், ஐம்பது வயது. பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்தார். குலுக்கலில் பெயர் வந்தது. ஊரே வாழ்த்தியது. உடல் தகுதிச் சான்றுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் குறை தெரிந்தது. சளியைப் பரிசோதித்தபோது காசநோய் உறுதியாயிற்று. அரசு மருத்துவமனையில் மருந்து உடனே தொடங்கினார்கள். ஆறு மாதம் விடாமல் உண்ண வேண்டும், இப்போது பயணம் கூடாது என்றார் மருத்துவர்.

அவருடைய மச்சான் வளைகுடாவில் இருந்தவர். அங்கே வேலைக்குச் செல்லுமுன் எடுக்கும் மெடிக்கலில் தவறிப்போனவர்கள் வேறு வழியில் சான்று வாங்கிய கதைகளை அறிந்தவர். வேறொருவருடைய எக்ஸ்ரேயை வைத்துத் தகுதிச் சான்று வாங்கிவிடலாம் என்றார். இருவருமாக நம்மிடம் வந்தார்கள்.

"ஹஜ்ரத், கூப்பிட்டவன் அல்லாஹ். நடுவில் தடுக்க இந்த டாக்டர் யார்?" என்றார் மச்சான். அந்தச் சகோதரர் எதுவும் பேசவில்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமினார்.

நாம் அவர்களுக்கு முஅத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) பதிவு செய்துள்ள ஒரு நிகழ்வைச் சொன்னோம். உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கண்டார்கள். அவருக்குத் தொழுநோய் இருந்தது. மக்களுக்குத் துன்பம் தராமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று கலீஃபா அவரிடம் கூறினார்கள். அப்பெண்மணி வீட்டிலேயே இருந்துவிட்டார். உமர் (ரலி) அவர்கள் இறந்தபின் ஒருவர் அவரிடம் வந்து, உன்னைத் தடுத்தவர் போய்விட்டார், இனி நீ வெளியே வரலாம் என்றார். உயிருடன் இருந்தபோது அவருக்குக் கட்டுப்பட்டுவிட்டு, இறந்தபின் மாறு செய்பவளாக நான் இருக்க மாட்டேன் என்று அப்பெண்மணி மறுத்துவிட்டார். அவர் பயந்தது ஆட்சியாளரின் கோலுக்கென்றால், அந்தக் கோல் மறைந்த அன்றே வெளியே வந்திருப்பார். தம்மால் பிறருக்குத் துன்பம் வரக்கூடாது என்பதை அவர் தம் இபாதத்தின் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டார் என்று நாம் விளங்குகிறோம்.

ஹஜ் கடமையைச் சொல்லும் இறைவசனமே, சென்றுவர ஆற்றல் பெற்றோர் மீது என்றுதான் அதை விதிக்கிறது. அந்த ஆற்றலில் பொருளும் உண்டு, வழிப் பாதுகாப்பும் உண்டு, உடல் நலமும் உண்டு என்று நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. குணமாகும் என்று நம்பிக்கை உள்ள நோயாளி குணமாகும் வரை காத்திருக்கலாம். குணமாகும் நம்பிக்கையற்றவரும், வாகனத்தில் அமரக்கூட இயலாத முதியவரும் தமக்குப் பதிலாக ஒருவரை அனுப்பி பதலி ஹஜ் செய்விக்கலாம். கடைசி ஹஜ்ஜின்போது தம் முதிய தந்தைக்காகக் கேட்ட பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள் அதற்கு அனுமதி அளித்தார்கள். வழி இவ்வளவு விரிவாக இருக்க, பொய்ச் சான்று எதற்கு?

சான்று என்ற சொல்லே சாட்சியத்தைக் குறிப்பது. அதில் கையெழுத்திடும் மருத்துவர் சாட்சி சொல்கிறார். கேள்விகளுக்கு விடை அளிக்கும் நாமும் சாட்சி சொல்கிறோம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்பதை மத்ரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். கடையில் எடையைக் குறைப்பதைப் பாவம் என்று கருதும் நாம், படிவத்தில் நோயை மறைப்பதை மட்டும் சாமர்த்தியம் என்று கருதலாகாது.

மச்சான் விடவில்லை. "அப்படியென்றால் தவக்குல் என்று ஒன்று இல்லையா?" என்று கேட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிமொழியை நினைவூட்டினோம். சிரியாவில் கொள்ளைநோய் பரவியபோது உமர் (ரலி) அவர்கள் எல்லையிலிருந்தே படையுடன் திரும்பியதையும், விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற கருத்தில் அவர்கள் விடை தந்ததையும் சொன்னோம்.

அந்தச் சகோதரர் அப்போதுதான் பேசினார். "மினாவில் ஒரே கூடாரத்தில் எத்தனை பேர் படுப்பார்கள், ஹஜ்ரத்?" என்று கேட்டார். நாம் சொன்னோம். சிறிது நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு எழுந்து, "மச்சான், வாங்க போகலாம்" என்றார். மறுநாள் பயணத்தை இரத்து செய்யும்படி விண்ணப்பம் எழுதினார். கட்டிய தொகையில் ஒரு பகுதி பிடித்தம் போகவே திரும்பியது. மருந்தை ஆறு மாதமும் உண்டு குணமடைந்தார். மறு ஆண்டு விண்ணப்பித்தார். குலுக்கலில் பெயர் வரவில்லை, காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. இன்னும் அவர் செல்லவில்லை. ஒவ்வொரு ஜும்ஆவிலும் முதல் வரிசையில் அவரைக் காண்கிறோம். அவருடைய நிய்யத்துக்குரிய கூலியை அல்லாஹ் குறைக்க மாட்டான் என்பதே நம் உறுதி.

அவருடைய வீட்டாரையும் மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். தொற்று யாருக்கும் இல்லை. அந்த எக்ஸ்ரே எடுக்கப்படாமல் இருந்திருந்தால் நோய் எத்தனை நாள் மறைந்திருக்கும், யாருக்கெல்லாம் பரவியிருக்கும்? ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்ததன் பரக்கத்தாகவே அவருக்கு நோய் தெரியவந்தது என்று அவருடைய மனைவி சொல்கிறார்.

2024 ஹஜ்ஜை நாம் மறக்கவியலாது. மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. இறந்தோர் 1,301 பேர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றிச் சென்று, நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தொலைவு நடந்தவர்கள். அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக. சிறுநீரகமோ இதயமோ பழுதுபட்ட ஒருவர் அந்த வெயிலில் என்ன ஆவார் என்பதை மருத்துவர் கேட்கும் கேள்விகள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வைக்கின்றன. அவை நம்மைப் பாதுகாக்கவே கேட்கப்படுகின்றன.

ஆகவே ஹஜ், உம்ராவுக்கு நாடியுள்ள குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே. பாஸ்போர்ட் எடுக்கும்போதே உடலையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர மாதங்கள் வேண்டும். கடைசி வாரத்தில் அது நடவாது. முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது; திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை உள்ளது. பெற்றோரை அனுப்பும் பிள்ளைகள் பணத்தை மட்டும் கட்டிவிட்டு ஒதுங்காமல், அத்தாவையும் அம்மாவையும் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். என்ன நோய், என்ன மாத்திரை என்பதை உள்ளபடி சொல்லுங்கள். அறுபதுக்கு மேற்பட்ட தாய்மார்கள் பலர் தம் நோயைப் பிள்ளைகளிடமே மறைக்கிறார்கள், தடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தால். அந்த அச்சத்தை அன்பாகப் பேசிப் போக்குவது பிள்ளைகளின் பொறுப்பு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்வோம். ஹாஜிகளுக்கு மாலை அணிவித்து வழியனுப்புவதைப் போலவே, உடல்நிலையால் பயணம் நின்றுபோனவரின் வீட்டுக்கும் சென்று ஸலாம் சொல்லுங்கள். "இவர் ஹஜ்ஜுக்குத் தகுதியில்லாதவர்" என்ற பேச்சு ஊரில் எழாமல் பாருங்கள். உண்மையைச் சொல்லிப் பின்தங்கியவருக்குத் தலைகுனிவு நேர்ந்தால், அடுத்தவர் பொய் சொல்லவே துணிவார்.

நாடியோர் அனைவருக்கும் ஆரோக்கியத்துடன் அவனுடைய இல்லத்தைக் காணும் பாக்கியத்தையும், காத்திருப்போருக்கு அழகிய பொறுமையையும், நம் எல்லோருக்கும் உண்மையையே பேசும் நாவையும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.